காற்றுத் தேக்கக் கலன்களில் அழுத்தம் உருவாகும் முறை: அழுத்தமானி காட்டுவதும் காட்டாததும்

ஆய்வுச் சுருக்கம்

காற்றழுத்தியுடன் இணைந்த தேக்கக் கலனில் அழுத்தம் ஏறுவதற்குக் காற்று உள்ளே செலுத்தப்படுவதே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. கலனுள் இருக்கும் காற்றின் நிறை, அதன் வெப்பநிலை, அது பரவி நிற்கும் கன அளவு ஆகிய மூன்றும் சேர்ந்தே அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எது மாறினாலும் அழுத்தமானியின் முள் நகரும். எது மாறியது என்பதை முள் கூறாது. பட்டறைகளில் பயன்படும் 200 லிட்டர் கலன் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அழுத்தம் படிப்படியாக உருவாகும் முறையையும், அம்மூன்றையும் பிரித்தறியாமையால் நேரும் தவறான முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: காற்றழுத்தி, தேக்கக் கலன், தனி அழுத்தம், மானி அழுத்தம், வெப்பமாறா அமுக்கம், தகைவு, அரிமானம்.

முன்னுரை

பஞ்சர் கடைகளிலும் வண்ணம் பூசும் கூடங்களிலும் கம்ப்ரசர் என்றே வழங்கப்படும் காற்றழுத்தி, தமிழகத்தின் சிறுதொழில் வாழ்வில் நீங்காத ஒரு கருவி. அதன் அடியில் கிடக்கும் உருளை வடிவக் கலனைப் பெரும்பாலோர் வெறும் ‘டேங்க்’ என்று கருதிக் கடந்துவிடுகின்றனர். எனினும் அக்கருவியில் ஆற்றல் தேங்கி நிற்கும் இடம் அதுவே. விபத்து நேருமாயின் பேரிழப்பு விளைவதும் அதனாலேயே. மோட்டாரின் ஓசை, பட்டையின் அதிர்வு, எண்ணெயின் மணம் எனப் பிற உறுப்புகள் தம் நிலையைப் புலன்களுக்கு உணர்த்துகின்றன. கலன் உணர்த்துவது ஒன்றே ஒன்று: அழுத்தமானியின் முள். அந்த முள்ளை எவ்வாறு படிப்பது என்பதே இங்கு எழும் வினா.

தொடர்ந்து வரும் கணக்குகள் அனைத்தும் ஒரே கலனைப் பற்றியவை. அதன் கொள்ளளவு 200 லிட்டர். விட்டம் 450 மில்லிமீட்டர். நீளம் ஏறத்தாழ 1.26 மீட்டர், சுவரின் தடிப்பு 5 மில்லிமீட்டர். மோட்டார் நிற்கும் அழுத்தம் 8 பார், அதாவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 116 பவுண்டு. சுற்றுப்புற வெப்பநிலை 27 பாகை செல்சியஸ், அதாவது 300 கெல்வின் எனக் கொள்ளப்படுகிறது.

மானி அழுத்தமும் தனி அழுத்தமும்

முள் சுழியத்தில் நிற்கும் கலன் வெற்றுக்கலன் அன்று. அதனுள் வளிமண்டல அழுத்தத்தில் 200 லிட்டர் காற்று இருக்கவே செய்கிறது. மானி காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. எனவே மானி 8 பார் காட்டும்போது கலனுள் நிலவும் தனி அழுத்தம் ஏறத்தாழ 9 பார் ஆகும். வளிம விதிகள் யாவும் தனி அழுத்தத்துக்கும் கெல்வின் வெப்பநிலைக்குமே பொருந்தும். மானி அளவையும் செல்சியஸ் அளவையும் அப்படியே அவற்றில் இட்டால் விடை பிழையாகும். பாடநூல் கற்றவரும் பட்டறையில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

27 பாகையில், வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். ஆகவே சுழியம் காட்டும் கலனில் 0.23 கிலோகிராம் காற்று உள்ளது. அதே வெப்பநிலையில் மானி 8 பார் காட்டும்போது 2.09 கிலோகிராம் காற்று உள்ளது. அதாவது, வெளியிலிருந்து 1,600 லிட்டர் காற்று, நிறையில் 1.86 கிலோகிராம், அதே 200 லிட்டர் இடத்துக்குள் புகுத்தப்பட்டுள்ளது.

காற்றின் வில்தன்மையும் மூலக்கூறுகளின் இயக்கமும்

காற்று அமுக்கத்தை எதிர்க்கும் என்பதை அளவிட்டுக் காட்டியவர் இராபர்ட் பாயில். ஒரு முனை மூடப்பட்ட வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி, சிக்கிய காற்றின் கன அளவு குறையக் குறைய அதன் அழுத்தம் அதே விகிதத்தில் மிகுவதை அவர் கண்டார். 1662இல் அதனை வெளியிட்டார். காற்றுத் துகள்களைக் கம்பளி மயிர்க் குவியலுக்கு ஒப்பிட்டு, அழுத்தினால் சுருங்கி விட்டால் விரியும் ஒருவகை வில்தன்மை அவற்றுக்கு உண்டு என்று அவர் விளக்க முற்பட்டார். அளவீடு சரியானது, ஆனால் அந்த உவமை நிலைக்கவில்லை. தம் இடத்தில் அமர்ந்திருக்கும் கம்பளி இழைகளைக் கொண்டு, சூடேற்றினால் அழுத்தம் ஏன் மிகுகிறது என்பதை எளிதில் விளக்க இயலாது.

டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட நீரியக்கவியல் நூலில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். வளிமம் என்பது எத்திசையிலும் ஓயாது பாயும் நுண்துகள்களின் தொகுதி; அவை சுவரில் மோதித் திரும்பும் எண்ணற்ற மோதல்களின் கூட்டு விளைவே அழுத்தம். 27 பாகையில் காற்று மூலக்கூறுகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். இந்த நோக்கில் கலனின் அழுத்தத்தை உயர்த்த மூன்று வழிகள் தெளிவாகின்றன. மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அவற்றின் வேகத்தைக் கூட்டலாம். அவை உலவும் இடத்தைக் குறைக்கலாம். முதலாவது நிறை, இரண்டாவது வெப்பநிலை, மூன்றாவது கன அளவு. காற்றழுத்தி முதலாவதைச் செய்வதற்காகவே அமைக்கப்பட்டது. ஆயினும் அது இயங்கும்போது இரண்டாவதும் உடன் நிகழ்கிறது. பராமரிப்புக் குறையுமானால் மூன்றாவதும் வந்து சேர்கிறது.

ஒவ்வொரு வீச்சிலும் நிகழ்வது

பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளிழு வால்வு திறந்து சிலிண்டரில் காற்று நிறைகிறது. பிஸ்டன் மேலேறும்போது உள்ளிழு வால்வு மூடிக்கொள்கிறது. ஆனால் வெளியேற்று வால்வு உடனே திறப்பதில்லை. சிலிண்டரின் உள் அழுத்தம் கலனின் அழுத்தத்தைச் சற்றேனும் விஞ்சினால்தான் அது திறக்கும். கலன் காலியாக இருக்கும் தொடக்கத்தில், பிஸ்டன் நகரத் தொடங்கியவுடன் காற்று கலனுக்குள் பாய்கிறது. கலனில் 9 பார் தனி அழுத்தம் நிலவும்போதோ, பிஸ்டன் தன் பாதையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மேலேறிய பின்னரே வால்வு திறக்கிறது. எஞ்சிய ஒரு பங்குத் தொலைவில்தான் காற்று கலனைச் சேர்கிறது. மோட்டாரின் ஓசை கலன் நிறைய நிறையக் கனத்து ஒலிப்பதன் காரணம் இதுவே: அழுத்தம் மிகுந்த ஒவ்வொரு வீச்சும் மிகுந்த வேலையைக் கோருகிறது.

கலனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அமைந்த ஒருவழி வால்வு, சேர்ந்த காற்று திரும்பாமல் தடுக்கிறது. அழுத்தம் ‘உருவாகிறது’ என்பதன் பொருள் இந்த ஒருவழிப் பாதையில்தான் அடங்கியுள்ளது. ஒரு வீச்சு தருவது மிகச் சிறிய அளவே. திரும்பிப் போகாமையால் அது கூடிக்கொண்டே வருகிறது.

வெப்பநிலை மாறாது எனக் கொண்டால், நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்றை ஈர்க்கும் பொறி இக்கலனில் நிமிடத்துக்கு ஒரு பார் வீதம் அழுத்தத்தை உயர்த்த வேண்டும். எட்டு நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. பிஸ்டன் உச்சியை அடைந்தாலும் சிலிண்டர் தலைப்பகுதியில் ஒரு சிறு இடைவெளி எஞ்சுகிறது; அதில் சிக்கிய அழுத்தக் காற்று, பிஸ்டன் இறங்கும்போது விரிந்து, புதுக்காற்று நுழைய வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இடைவெளி வீச்சுக் கன அளவில் 5 விழுக்காடு எனக் கொண்டு கணக்கிட்டால், கலனின் தனி அழுத்தம் 2 பாராக இருக்கையில் சிலிண்டர் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 விழுக்காடு புதுக்காற்றை ஈர்க்கிறது. 9 பாரில் அது 78 விழுக்காடாகக் குறைகிறது. முதல் பாருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருக்க, கடைசிப் பாருக்கு ஒன்றே கால் நிமிடத்துக்கு மேல் ஆவது இதனால்தான். இறுதிக் கட்டத்தில் முள் மெதுவாக ஏறுவதைப் பொறியின் தேய்மானம் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

தடுப்பு ஏதும் இல்லையெனில் அழுத்தம் எங்கே நிற்கும்? சிக்கிய காற்று விரிந்து சிலிண்டர் முழுவதையும் நிரப்பிவிடும் நிலையில் புதுக்காற்று நுழையாது. அழுத்தம் மேலும் ஏறாது. மேற்கண்ட 5 விழுக்காட்டு இடைவெளிக்கு அந்த எல்லை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்குக்கும் அதிகம். அவ்வெல்லையை எட்டுவதற்கு வெகு முன்னரே மோட்டார் திணறி நிற்கும், அல்லது பட்டை வழுக்கும், அல்லது கலன் கிழியும். பொறியின் இயல்பான எல்லை கலனைக் காக்காது என்பது இதனால் பெறப்படும்.

வெப்பத்தின் பங்கு

முன்னேறி வரும் மட்டையில் பட்ட பந்து, வந்த வேகத்தைவிட மிகுந்த வேகத்துடன் திரும்புகிறது. மேலேறும் பிஸ்டனில் மோதும் மூலக்கூறுகளுக்கும் அதுவே நேர்கிறது. மூலக்கூறுகளின் வேகம் மிகுவதையே வெப்பநிலை உயர்வு என்கிறோம். வெப்பம் வெளியேற நேரமின்றி, 27 பாகைக் காற்று ஒரே கட்டமாக 9 பார் தனி அழுத்தத்துக்கு அமுக்கப்படுமாயின், அதன் வெப்பநிலை கோட்பாட்டளவில் ஏறத்தாழ 289 பாகையை எட்டும். சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகள் இதனைக் குறைக்கின்றன. அமுக்கத்தை இரு கட்டங்களாகப் பிரித்து, முதற்கட்டத்தில் மும்மடங்கும், இடையில் குளிர்வித்த பின் இரண்டாம் கட்டத்தில் மும்மடங்குமாக அமுக்கினால், எக்கட்டத்திலும் வெப்பநிலை 138 பாகையைத் தாண்டாது. இருகட்டப் பொறிகளில் இரு சிலிண்டர்களையும் இணைத்துச் செல்லும் தகடு பொருத்திய குழாய் வெறும் இணைப்பு அன்று, அது இடைக்குளிர்விப்பான்.

வெளியேற்று வால்வு சரிவர மூடாத பொறியில் வேறொரு கேடும் உண்டு. முன்பே சூடான காற்றில் ஒரு பகுதி சிலிண்டருக்குள் திரும்பி மீண்டும் அமுக்கப்படுகிறது, மீண்டும் சூடேறுகிறது. இவ்வாறு வெப்பம் மேன்மேலும் ஏறுகையில், வெளியேற்றுக் குழாயில் படிந்த எண்ணெய்க் கரி பற்றிக்கொள்ளக் கூடும். கரி படியாமல் வால்வுகளைத் தூய்மை செய்வது சிக்கன நடவடிக்கை மட்டுமன்று.

காற்று முற்றிலும் குளிர்ந்தே கலனை அடைந்தாலும் கலனுள் வெப்பநிலை உயரும் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. உள்ளே நுழையும் ஒவ்வொரு பகுதிக் காற்றையும் அதன் பின்னே வரும் காற்று தள்ளுகிறது. அத்தள்ளலின் வேலை கலனுள் வெப்பமாக மாறுகிறது. சுவர் வழியாகச் சிறிதும் வெப்பம் வெளியேறாத கலன் ஒன்றைக் கற்பனை செய்து, அதில் 27 பாகைக் காற்றை மானி 8 பார் காட்டும் வரை நிரப்பினால், உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 129 பாகைக்குச் சூடாகியிருக்கும். அப்போது உண்மையில் உட்புகுந்த காற்று 1.33 கிலோகிராம் மட்டுமே. வெப்பநிலை மாறாமல் நிரப்பியிருந்தால் 1.86 கிலோகிராம் புகுந்திருக்கும். இரு நிலைகளிலும் முள் காட்டுவது அதே 8 பார். சூடான கலன் ஆறியபின் முள் 5.7 பாருக்கு இறங்கி நிற்கும்.

உண்மைக் கலன் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டது. இக்கலனின் எஃகு ஏறத்தாழ 80 கிலோகிராம். அதனை ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பம், உள்ளிருக்கும் இரண்டு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடேற்றத் தேவையானதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். எனவே மெதுவாக நிரப்பப்படும் கலனில் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. விரைந்து நிரப்பப்படும் கலனில் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. முக்குளிப்போர் பயன்படுத்தும் காற்று உருளைகளை மெதுவாக நிரப்ப வேண்டும் என வலியுறுத்தப்படுவதற்கு ஒரு காரணம் இது. விரைந்து நிரப்பிய உருளை, ஆறியபின் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த காற்றையே கொண்டிருக்கும்.

பட்டறையில் இதன் விளைவு ஒன்று அன்றாடம் காணக்கூடியது. மோட்டார் 8 பாரில் நின்றபோது கலனுள் காற்று 57 பாகையில் இருந்தது என்போம். எவரும் காற்றை எடுக்காத நிலையிலும், அது 27 பாகைக்கு ஆறும்போது தனி அழுத்தம் 9 பாரிலிருந்து 8.2 பாராகவும், மானி அழுத்தம் 7.2 பாராகவும் இறங்குகிறது. ‘காற்று இறங்குகிறது, எங்கோ கசிகிறது’ என்று இணைப்புகளைப் பிரித்து இறுக்குவோர் உண்டு. கசிவையும் ஆறுதலையும் வேறுபடுத்த எளிய வழி காலம்தான். ஆறுதலால் வரும் இறக்கம் முதலில் விரைந்து, பின் தளர்ந்து, கலன் சுற்றுப்புற வெப்பநிலையை அடைந்ததும் நின்றுவிடும். கசிவு நிற்பதில்லை.

இதற்கு மறுதலையும் உண்மை. காலையில் 27 பாகையில் 8 பார் அழுத்தத்துடன் மூடப்பட்ட கலன், திறந்த வெளியில் வெயிலில் கிடந்து 57 பாகைக்குச் சூடேறினால், ஒரு வீச்சும் இயங்காமலே மானி 8.9 பாரைக் காட்டும். மோட்டாரை நிறுத்தும் அழுத்தச் சுவிட்சு இங்கு ஒன்றும் செய்ய இயலாது. மோட்டார் ஏற்கனவே நின்றுதான் இருக்கிறது. இத்தகைய உயர்வுக்கு எதிரான காவல் பாதுகாப்பு வால்வு ஒன்றே.

ஈரம் செய்யும் வேலை

30 பாகையில் 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இயல்பானது. அதில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி உள்ளது. கலன் நிறையும்போது அதில் அடங்கும் 1,800 லிட்டர் காற்றுடன் ஏறத்தாழ 38 கிராம் நீராவியும் சேர்கிறது. ஆனால் ஓரிடத்தில் தங்கக்கூடிய நீராவியின் அளவு, அங்குள்ள காற்றின் அழுத்தத்தைப் பொறுத்ததன்று. இடத்தின் அளவையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 30 பாகையில் 200 லிட்டர் இடம் தாங்குவது 6 கிராம் மட்டுமே. எஞ்சிய 32 கிராம் நீராகிக் கலனின் அடியில் தேங்குகிறது. காற்றைப் பயன்படுத்தி மீண்டும் நிரப்பும் ஒவ்வொரு முறையும் நீர் மேலும் சேர்கிறது. வடிகால் திருகைத் திறவாமல் சில வாரங்கள் விட்டால் லிட்டர் கணக்கில் நீர் நிற்கும்.

இந்நீர் அழுத்தத்தின் மூன்றாம் காரணியாகிய கன அளவைக் குறைக்கிறது. 40 லிட்டர் நீர் தேங்கிய கலனில் காற்றுக்கு எஞ்சுவது 160 லிட்டர் இடம். 8 பாரை எட்ட 1,600 லிட்டர் காற்று வேண்டியிருந்த இடத்தில் 1,280 லிட்டர் போதுமாகிறது. எட்டு நிமிடம் ஓட வேண்டிய மோட்டார் ஆறரை நிமிடத்துக்குள் நிற்கிறது. உரிமையாளருக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாகத் தோன்றும். பொறி ‘நன்றாக ஏற்றுகிறது’ என்பார். உண்மையில் குறைந்திருப்பது தேக்கம். அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவதற்குள் முன்பு 400 லிட்டர் காற்று கிடைத்தது; இப்போது 320 லிட்டரே கிடைக்கும். மோட்டார் அடிக்கடி ஓடி அடிக்கடி நிற்கும். விரைந்த ஏற்றமும் அடிக்கடி நேரும் தொடக்கமும் ஒன்றாகத் தோன்றினால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது வடிகால் திருகு.

சுவர் தாங்கும் சுமை

அழுத்தம் ஒரு சதுர அலகின் மீதான விசை. கலனின் பரப்பு பெரிதாகையால் மொத்த விசை எதிர்பாராத அளவுக்குப் பெருகுகிறது. 8 பாரில் இக்கலனின் ஒவ்வொரு குவிந்த முனையின் மீதும் ஏறத்தாழ 13 டன் எடைக்குச் சமமான விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. கலனை நீளவாக்கில் இரு பாதிகளாகப் பிளக்க முயலும் விசை ஏறத்தாழ 46 டன் எடைக்குச் சமம். இவ்வளவையும் தாங்குவது 5 மில்லிமீட்டர் எஃகு.

சுவரில் சுற்றுவாக்கில் எழும் தகைவு, அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி இருமடங்குத் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். இங்கு அது 36 மெகாபாஸ்கல். நீளவாக்கில் எழும் தகைவு அதில் பாதி. கலன் கிழியும்போது பெரும்பாலும் நீளவாக்கில் பிளவு தோன்றுவது இவ்விகிதத்தால்தான். மென் எஃகு நிலையாக உருமாறத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல். அதாவது புதிய கலனில் பாதுகாப்பு இடைவெளி ஏழு மடங்களவு உள்ளது. தேங்கிய நீரால் அடிச்சுவர் அரிக்கப்பட்டு 2 மில்லிமீட்டராக மெலிந்தால் தகைவு 90 மெகாபாஸ்கலாகிறது. 1 மில்லிமீட்டரில் 180. அரிமானம் சீராகவும் பரவுவதில்லை; குழிகளாகவும், பற்றவைப்பு ஓரங்களை ஒட்டியும் ஆழ்கிறது. அழுத்தம் 6 பாருக்கும் 8 பாருக்கும் இடையே ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றும் அவ்வோரங்களில் களைப்பைச் சேர்க்கிறது. மணிக்கு பத்து முறை தொடங்கி நிற்கும் மோட்டார், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை செய்தால், முந்நூறு நாள்களில் 30,000 சுற்றுகளைக் கடக்கும்.

இவை அனைத்தும் நிகழும்போது முள் அதே 8 பாரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். புதிய கலனிலும் மெலிந்த கலனிலும் அழுத்தம் ஒன்றே. மாறியது தாங்கும் வலிமை. அதனை அளக்கும் முள் மானியில் இல்லை.

பாதுகாப்பு வால்வு கலனுடன் நேரடியாக இணைய வேண்டும். இடையில் மூடக்கூடிய வால்வு எதுவும் இருத்தல் கூடாது. பொறி தரும் காற்று முழுவதையும் வெளியேற்றும் திறன் அதற்கு வேண்டும். கூடுதல் அழுத்தம் வேண்டி அதன் வில்லை இறுக்குவோர், கலனின் வலிமையைக் கூட்டுவதில்லை. காவலை மட்டும் நீக்குகின்றனர். இந்தியாவில் 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இயங்கும் எந்தப் பொறியிலும் பாதுகாப்பான செயல் அழுத்தம் மீறப்படாமலிருக்கப் பயனுள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும் என வகுத்தது. ‘பாதுகாப்பான’ என்னும் அச்சொல், கலன் வாங்கிய நாளில் பொறிக்கப்பட்ட எண்ணை மட்டும் குறிப்பதாகக் கொள்வது போதாது. சுவர் மெலிந்தால் அந்த எண்ணும் இறங்கியாக வேண்டும்.

குகைகளில் தேங்கும் காற்று

மேற்கண்ட கோட்பாடுகள் கலனின் அளவால் மாறுவதில்லை. செருமனியின் வடபகுதியிலுள்ள உன்டார்ஃப் என்னுமிடத்தில் 1978 முதல் இயங்கும் மின்நிலையம், மிகை மின்சாரத்தைக் கொண்டு காற்றை அமுக்கி, நிலத்தடி உப்புப் பாறையில் கரைத்து உருவாக்கிய இரு குகைகளில் தேக்குகிறது. குகைகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 3,10,000 கன மீட்டர். அழுத்தம் ஏறத்தாழ 43 முதல் 70 பார் வரை. அங்கும் அமுக்கத்தால் எழும் வெப்பம் பெருஞ்சிக்கல். சூடான காற்றைக் குகைக்குள் விட்டால் குறைந்த நிறையே கொள்ளும். உப்புச் சுவரும் நலிவுறும். ஆகவே காற்று குளிர்விக்கப்பட்ட பின்னரே உள்ளே செலுத்தப்படுகிறது. அவ்வாறு இழந்த வெப்பத்தை, காற்றை வெளியே எடுக்கும்போது இயற்கை எரிவளியை எரித்து ஈடுசெய்ய நேர்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மெக்கின்டாஷில் 1991இல் தொடங்கிய நிலையம், கழிவு வெப்பத்தைக் கொண்டு வெளிவரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கி எரிபொருள் தேவையைக் குறைத்தது. குகையின் அழுத்தத்தைச் சுழியம் வரை இறக்குவதும் இல்லை. உள் அழுத்தமே பாறைச் சுவருக்கு ஒரு தாங்கலாக உள்ளது. எஃகுக் கலனில் அழுத்தம் சுவரைக் கிழிக்க முயல்கிறது. உப்புக் குகையில் அது சுவர் உள்நோக்கிச் சரியாமல் காக்கவும் செய்கிறது.

நீரால் சோதித்தல்

மீண்டும் பட்டறைக் கலனுக்கு வருவோமாயின், அதன் வலிமையை அறியும் வழிகள் இரண்டு. ஒன்று, மீயொலிக் கருவியால் சுவரின் தடிப்பைப் புள்ளிபுள்ளியாக, குறிப்பாக அடிப்பகுதியிலும் வடிகால் துளையைச் சுற்றியும், அளப்பது. மற்றொன்று, செயல் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்திப் பார்ப்பது. இரண்டாம் முறையில் ஏன் காற்றுக்குப் பதிலாக நீர் பயன்படுத்தப்படுகிறது என்பது தேங்கிய ஆற்றலைக் கணக்கிட்டால் புலனாகும். 8 பாரில் இக்கலனின் காற்று வளிமண்டல அழுத்தத்துக்கு விரியும்போது ஏறத்தாழ 200 கிலோஜூல் ஆற்றலை வெளியிடும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு மகிழுந்தை இருபது மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். அதே கலனில் அதே அழுத்தத்தில் நீர் இருந்தால், நீர் மிகச் சிறிதளவே சுருங்குவதால், அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 ஜூல் மட்டுமே. காற்றில் தேங்குவதில் ஏழாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர் நிறைந்த கலன் சோதனையில் கிழிந்தால் விரிசல் வழியே நீர் பீறிட்டு, அழுத்தம் நொடியில் வீழ்ந்துவிடும். காற்று நிறைந்த கலன் கிழிந்தால் காற்று விரிந்துகொண்டே தகட்டையும் தள்ளிச் செல்லும்.

நீர்ச் சோதனைக்கு முன் கலனின் உச்சித் துளையைத் திறந்து வைத்து, நீர் வழியும் வரை நிரப்பி, மிஞ்சிய காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். மேல் மூலையில் பத்து லிட்டர் காற்றுக் குமிழ் சிக்கியிருந்தாலே, 8 பாரில் அது பத்துக் கிலோஜூல் அளவு ஆற்றலைத் தேக்கி வைக்கும். அதைச் சூழ்ந்த நீர் முழுவதும் தேக்குவதைவிட அது முந்நூறு மடங்குக்கும் அதிகம்.